நோன்பிலிருந்து தொடங்கலாம்: சமயவியலுக்குப் புதிதாக வருபவருக்கு ஒரு வழிகாட்டி

"சமயவியல் படிக்கிறேன்" என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். இரண்டில் ஒன்றைக் கேட்பார்: "துறவியாகப் போகிறீர்களா?" அல்லது "உங்களுக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா?" இரண்டுக்கும் இந்தப் படிப்புக்கும் தொடர்பில்லை என்று விளக்கி முடிப்பதற்குள் அவருடைய பேருந்து வந்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், படிக்க வருகிறவர்களும் ஏறக்குறைய அதே கேள்விகளோடுதான் வருகிறார்கள். எது உண்மையான மதம்? மதத்தால் உலகுக்கு நன்மையா, தீமையா? அறிவியல் வென்றதா, ஆன்மிகம் வென்றதா? பட்டிமன்றத்துக்கு நல்ல தலைப்புகள்தான். ஆய்வுக்கு ஆகாது.

வரலாறோ உளவியலோ சட்டமோ படித்துவிட்டு இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பவர்களுக்காகவும், பட்டப்படிப்பில் சேர்ந்த பிறகு எங்கே தொடங்குவது என்று விழிப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். கடைசிவரை ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம்: நோன்பு. ஒருவருக்குப் பசிக்கிறது, உணவு எட்டும் தூரத்தில் இருக்கிறது, ஆனாலும் அவர் உண்ணவில்லை. இவ்வளவு எளிய செயலைப் புரிந்துகொள்ள எத்தனை துறைகளின் வாசலைத் தட்ட வேண்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டால் மீதியை நீங்களே பிடித்துக்கொள்வீர்கள்.

முதல் படி: இறையியலையும் சமயவியலையும் பிரித்துக்கொள்ளுங்கள்

நோன்பிருக்கும்போது ஊசி போட்டுக்கொண்டால் நோன்பு முறியுமா? இது மரபுக்கு உள்ளே நின்று கேட்கும் கேள்வி. அந்த மரபின் நூல்களையும் அதிகாரத்தையும் ஏற்றவர்தான் இதற்கு விடை சொல்ல முடியும். இறையியலும் சமயச் சட்டமும் செய்கிற வேலை அது. இந்தக் கேள்வி எப்போது எழுந்தது, யாரிடம் போய்க் கேட்டார்கள், அறிஞர்கள் ஆளுக்கொரு விடை சொன்னபோது மக்கள் யார் பேச்சைக் கேட்டார்கள் என்று விசாரிப்பது சமயவியலின் வேலை. ஊசியால் நோன்பு முறியுமா என்று தீர்ப்புச் சொல்வது அதன் பொறுப்பில் இல்லை.

இந்தப் பிரிவினை பல்கலைக்கழகங்களுக்குள் வந்து அதிகக் காலம் ஆகவில்லை. மாக்ஸ் முல்லர் 1870-இல் லண்டனில் சமயத்தின் அறிவியல் பற்றித் தொடர் சொற்பொழிவு ஆற்றினார். ஒரு மொழியை மட்டும் அறிந்தவர் எந்த மொழியையும் அறியாதவர் என்ற கெதேயின் கருத்தை அவர் சமயத்துக்கும் பொருத்திக் காட்டினார். நெதர்லாந்தில் 1876-இல் வந்த உயர்கல்விச் சட்டத்தை ஒட்டி, அடுத்த ஆண்டே லெய்டனிலும் ஆம்ஸ்டர்டாமிலும் சமய வரலாற்றுக்குப் பேராசிரியர் இருக்கைகள் அமைந்தன. பிரிட்டனில் நினியன் ஸ்மார்ட் லங்காஸ்டரில் தனித் துறை தொடங்கியது 1967-இல்தான். அமெரிக்காவில் 1963-இல் உச்ச நீதிமன்றம், அரசுப் பள்ளிகளில் வழிபாடாக பைபிள் வாசிப்பதைத் தடுத்தது. அதே தீர்ப்பில், மதத்தைப் பற்றிப் பாடமாகக் கற்பிப்பதற்குத் தடையில்லை என்றும் சொன்னது. மதத்தைக் கற்பிப்பது வேறு, மதத்தைப் பற்றிக் கற்பிப்பது வேறு என்ற இந்த வேறுபாட்டைப் பற்றிக்கொண்டு அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் துறைகள் பெருகின.

இதெல்லாம் ஐரோப்பா கண்டுபிடித்தது என்று நினைத்துவிட வேண்டாம். பாரசீக அறிஞர் அல்-பிரூனி 1030 வாக்கில், வடமொழி கற்று, இந்தியச் சமயக் கொள்கைகளை வாதத்துக்காக அல்லாமல் உள்ளது உள்ளபடி எழுதுகிறேன் என்று சொல்லியே எழுதினார். நம் மணிமேகலையும் ஒவ்வொரு சமயவாதியாகப் போய் அவரவர் திறம் கேட்டவள்தான். ஆனால் தான் ஏற்கத்தக்க மெய் எது என்று தெரிந்துகொள்வதற்காக அவள் கேட்டாள். கேட்டதைத் தள்ளிக்கொண்டே போய், கடைசியில் ஒன்றை ஏற்றாள். நாம் செய்யப்போவதில் அந்தக் கடைசிக் காட்சி கிடையாது.

இரண்டாம் படி: உங்கள் நம்பிக்கையை வாசலில் விடுங்கள், தூக்கி எறியாதீர்கள்

நான் பார்த்தவரை ஆட்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் நின்று போகலாம்.

ஆய்வு செய்யும் நேரத்துக்கு மட்டும் "இது மெய்யா, பொய்யா" என்ற தீர்ப்பை ஒத்திவைப்பது இந்தத் துறையின் அடிப்படைப் பழக்கம். செருப்பை வாசலில் கழற்றி வைப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வரும்போது மாட்டிக்கொள்ளலாம். ஸ்மார்ட் இதை முறையியல் சார்ந்த அறியாநிலை என்றார். சமூகவியலாளர் பீட்டர் பெர்கர் ஒரு படி மேலே போய், 1967-இல், முறையியல் சார்ந்த நாத்திகம் என்றார். அதாவது சமூகவியலாளர் விளக்கம் தரும்போது தெய்வத்தைக் காரணமாகக் காட்டக் கூடாது. அவர் வீட்டுக்குப் போய் வழிபட்டுக்கொள்ளலாம். பெர்கரே கிறித்தவ நம்பிக்கை உடையவர்தான்.

பக்தர்களுக்கு மட்டும்தான் இது கடினம் என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் நாத்திகர்களுக்கு இது இன்னும் கடினம். "எல்லாம் அறியாமை" என்று ஒரு சொல்லில் கதவைச் சாத்திவிட்டால் ஆராய என்ன மிஞ்சும்? ஆப்பிரிக்காவின் அசாண்டே மக்களிடையே வாழ்ந்த மானிடவியலாளர் எவன்ஸ்-பிரிச்சார்ட் 1937-இல் எழுதிய ஒரு செய்தியை இத்தகையவர்களுக்குச் சொல்வேன். தானியக் குதிர் ஒன்று சரிந்து, அதன் நிழலில் உட்கார்ந்திருந்தவர்கள் அடிபடுகிறார்கள். சூனியம்தான் காரணம் என்கிறார்கள் ஊரார். கறையான் கால்களை அரித்தது அவர்களுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். வெயிலுக்கு ஒதுங்கித்தான் அங்கே உட்கார்ந்தார்கள் என்பதும் தெரியும். அவர்கள் கேட்டது வேறு: கறையான் அரித்த அந்தக் குதிர், இவர்கள் உட்கார்ந்திருந்த அந்தச் சரியான நேரம் பார்த்து ஏன் விழுந்தது? நாம் அதைத் தற்செயல் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். அவர்கள் அங்கே ஒரு காரணத்தை வைக்கிறார்கள். இதைக் கவனிக்காமல் "காரண காரியம் அறியாதவர்கள்" என்று எழுதியிருந்தால் தவறு எழுதியவருடையதாக இருந்திருக்கும்.

இந்த இடத்தில் இரண்டு சொற்களைப் பழகிக்கொள்ளுங்கள். அகநோக்கு என்பது அந்த மக்கள் தங்கள் சொற்களில் சொல்லும் விளக்கம். புறநோக்கு என்பது ஆய்வாளர் தம் துறைச் சொற்களில் தரும் விளக்கம். மொழியியலாளர் கென்னத் பைக் 1950-களில், ஒலியனியலுக்கும் ஒலியியலுக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து இந்த இணையை உருவாக்கினார். "பாவம் தீர நோன்பிருக்கிறேன்" என்பது அகநோக்கு. "குழு உறுப்பினர் என்ற அடையாளத்தை நோன்பு உறுதிசெய்கிறது" என்பது புறநோக்கு. இரண்டையும் எழுதலாம். ஒன்றை மற்றொன்றின் இடத்தில் ஒட்டக் கூடாது.

ஒரு பயிற்சி: குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் உங்களைப் பற்றி எழுதுங்கள். எந்த மரபில் வளர்ந்தீர்கள், எந்த மரபைக் கண்டால் உள்ளுக்குள் ஒரு எரிச்சல், எதைப் பார்த்தால் கண் கலங்கும். யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. ஆறு மாதம் கழித்து உங்கள் ஆய்வுக் குறிப்பை அந்தப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், செருப்போடு உள்ளே போன இடங்கள் தெரியும். முழு நடுநிலை யாருக்கும் வாய்ப்பதில்லை என்று பெண்ணியவாதிகளும் காலனிய வரலாற்றை ஆராய்ந்தவர்களும் சொல்வது சரிதான். அதற்காகவே அந்த முதல் பக்கம் வேண்டும்.

மூன்றாம் படி: 'மதம்' என்ற சொல்லைச் சந்தேகியுங்கள்

உடல் எடை குறைய ஒருவர் பதினாறு மணி நேரம் உண்ணாமல் இருக்கிறார். 1981-இல் வட அயர்லாந்துச் சிறையில் பத்துப் பேர் உண்ணாமல் இருந்து உயிர்விட்டார்கள். இன்னொருவர் நோன்பிருக்கிறார். வயிற்றில் நடப்பது மூவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். இவற்றில் எது சமயச் செயல்? எதை வைத்துச் சொல்கிறீர்கள்? அந்தச் சிறைவாசிகளின் சாவை அவர்களுடைய கத்தோலிக்கச் சமூகம் தியாகமாகவும் உயிர்ப்பலியாகவும் பேசியதை எங்கே சேர்ப்பீர்கள்?

மதத்தை, ஆன்ம வடிவான உயிர்களில் நம்பிக்கை என்று 1871-இல் வரையறுத்தார் மானிடவியலாளர் எட்வர்ட் டைலர். தெய்வத்தை மையமாக வைக்காத பௌத்தத்தை என்ன செய்வது என்று கேட்ட சமூகவியலாளர் எமில் துர்க்கைம் 1912-இல், புனிதமானவை என்று ஒதுக்கப்பட்டவற்றைச் சுற்றி ஒரு சமூகத்தை ஒன்றுசேர்க்கும் நம்பிக்கைகளும் செயல்களும் என்று வேறு வரையறை தந்தார். அப்படியானால் தேசியக் கொடியும் உள்ளே வந்துவிடுகிறதே? இப்படி வாதம் நீண்டுகொண்டே போனது. வில்ஃபிரட் காண்ட்வெல் ஸ்மித் 1962-இல் அந்தச் சொல்லையே விட்டுவிடலாம் என்றார். ஜோனதன் இசட். ஸ்மித் 1982-இல் இன்னும் கூர்மையாகச் சொன்னார்: மதம் என்ற வகைப்பாடு ஆய்வாளரின் மேசையில் உருவானது.

கேட்டால் திகைப்பாக இருக்கும். ஆனால் மொழிகளைப் பார்த்தால் புரியும். ஜப்பானிய மொழியில் இன்று மதத்தைக் குறிக்கும் 'ஷூக்கியோ' என்ற சொல், 19-ஆம் நூற்றாண்டில் மேலை நாடுகளோடு உறவு ஏற்பட்டபோதுதான் இந்தப் பொருளில் நிலைபெற்றது. தமிழிலும் 'மதம்' என்பது கொள்கை, கருத்து என்ற பொருளில் தாராளமாக வழங்கிய சொல். நன்னூல் சொல்லும் 'எழுவகை மதம்' நூலாசிரியர் பிறர் கருத்துகளை உடன்படல், மறுத்தல் முதலான ஏழு நிலைகள்தான். அந்தப் பழைய சொல்லின் மேல் இன்று நாம் ஏற்றியிருக்கும் சுமையை, அதாவது ஒரு நிறுவனர், ஒரு நூல், ஒரு வழிபாட்டிடம், மக்கள்தொகைக் கணக்கில் ஒரு கட்டம் என்பதை எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் தேடினால் கிடைக்காது.

செய்ய வேண்டியது என்ன? இறுதி வரையறையைத் தேடி ஓராண்டை வீணாக்காதீர்கள். "இந்த ஆய்வுக்கு நான் இதைச் சமயச் செயல் என்று கொள்கிறேன், காரணம் இது" என்று இரண்டு வரி எழுதி நகருங்கள். கைப்பிடியாக ஸ்மார்ட்டின் ஏழு பரிமாணங்கள் உதவும். நோன்பில் எப்போது தொடங்கி எப்போது முடிப்பது என்பது சடங்கு. முதலில் நோன்பிருந்தவர் யார் என்பது கதை. நண்பகலுக்கு மேல் வரும் தெளிவோ தலைவலியோ அனுபவம். பலன் என்ன என்பது கோட்பாடு. நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் விலக்கு உண்டா என்பது ஒழுக்கமும் சட்டமும். யார் சேர்ந்து முடிக்கிறார்கள் என்பது சமூகம். தட்டும் விளக்கும் மணியும் பொருட்கள். இந்த ஏழையும் ஒரு தாளில் எழுதி நிரப்புங்கள். எந்தக் கட்டத்தில் உங்கள் பேனா நிற்காமல் ஓடுகிறதோ அங்கேதான் உங்கள் ஆய்வு இருக்கிறது.

நான்காம் படி: கேள்வியைச் சுருக்குங்கள், அதுவே துறையைக் காட்டும்

நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான்: சமயவியலுக்கென்று தனியான ஆய்வு முறை எதுவும் இல்லை. சமய வரலாற்றாசிரியர் மிர்ச்சா எலியாடே போன்றவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சமயத்தைச் சமூகமாகவோ மனமாகவோ பொருளாதாரமாகவோ கரைத்துவிடக் கூடாது, அதன் தளத்திலேயே வைத்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர்கள் கட்சி. நான் மறுபக்கம். இந்தத் துறை ஒரு சந்தை மாதிரி. எல்லாத் துறைகளும் இங்கே கடை போடுகின்றன. நீங்கள் என்ன வாங்க வந்தீர்கள் என்று தெரிந்தால்தான் எந்தக் கடைக்குப் போவது என்பதும் தெரியும்.

"துறவிகள் பொருள் சேர்க்கக் கூடாது என்று நூல் சொல்கிறது. உண்மையில் எப்படி வாழ்ந்தார்கள்?" என்பது உங்கள் கேள்வி என்றால், தொல்லியலும் கல்வெட்டியலும் வேண்டும். பௌத்தத்தை ஆராய்ந்த கிரெகரி ஷோபன் 1991-இல் இதைத்தான் காட்டினார். நூல்களை மட்டும் படித்தவர்கள் பௌத்தத் துறவி கையில் காசு வைத்திருக்க மாட்டார் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். சாஞ்சியிலும் பார்ஹுத்திலும் கல்லில் பொறித்திருந்த கொடையாளர் பட்டியலில் துறவியரும் பெண்துறவியரும் நிறையவே இருந்தார்கள். கொடுக்கக் கையில் ஏதாவது இருந்திருக்க வேண்டுமே! கல்வெட்டு கண்முன் இருந்தும், நூல்தான் 'உண்மையான' சமயம் என்ற முன்முடிவு அதை மறைத்தது. அந்த முன்முடிவு, வேதநூலே அனைத்தும் என்ற புராட்டஸ்டண்ட் பழக்கத்திலிருந்து வந்தது என்பது ஷோபனின் வாதம்.

"எத்தனை பேர் நோன்பிருக்கிறார்கள்?" என்று கேட்டால் சமூகவியல். எளிய கேள்வி போலத் தெரியும். கேட்டால் எண் வந்துவிடும், ஆனால் அந்த எண் எதை அளந்தது? அமெரிக்காவில் கருத்துக்கணிப்புகள் நடத்தினால் சுமார் 40 விழுக்காட்டினர் வாரந்தோறும் தேவாலயம் போவதாகச் சொல்லி வந்தார்கள். 1993-இல் மூன்று சமூகவியலாளர்கள் சில வட்டாரங்களில் தேவாலயத்தில் தலைகளை எண்ணிப் பார்த்தபோது ஏறக்குறைய அதில் பாதிதான் தேறியது. முழுக்கப் பொய் என்று சொல்லவும் முடியாது. "நான் போகிறவன்" என்ற தன்னடையாளத்தைத்தான் அவர்கள் சொன்னார்கள். ஜப்பானில் இது தலைகீழ். அங்கே சமய அமைப்புகள் அரசுக்குத் தரும் உறுப்பினர் எண்ணிக்கையைக் கூட்டினால் நாட்டின் மக்கள்தொகையையே தாண்டிவிடும். மக்களிடம் கேட்டாலோ பெரும்பாலோர் "எனக்கு மதம் இல்லை" என்பார்கள்.

"சமயச் சிந்தனை மனிதரை இரக்கமுள்ளவராக்குகிறதா?" என்பது உளவியல். 1973-இல் டார்லி, பேட்சன் என்ற இருவர் குருமாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்கள் பக்கத்துக் கட்டடத்தில் போய்ப் பேச வேண்டும். சிலருக்குத் தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகும் வழியில் ஒருவர் முனகிக்கொண்டு சரிந்து கிடப்பார். அவசரம் இல்லாதவர்களில் 63 விழுக்காட்டினர் நின்று உதவினார்கள். நேரமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினர்தான் நின்றார்கள். எந்தத் தலைப்பில் பேசப் போகிறார்கள் என்பது குறிப்பிடத்தக்க வேறுபாட்டை உண்டாக்கவில்லை. 40 பேரை வைத்துச் செய்த சிறிய சோதனை என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

பொருளியல் இந்தப் பக்கம் வருமா என்று கேட்பீர்கள். நம் நோன்புக்கே வந்திருக்கிறது. இசுலாமிய நாட்காட்டி சந்திரனைச் சார்ந்தது என்பதால் ரமலான் மாதம் ஆண்டுதோறும் முன்னால் நகர்ந்து எல்லாப் பருவங்களிலும் சுற்றி வரும். கோடையில் வந்தால், நிலநடுக்கோட்டுக்குத் தொலைவான நாடுகளில் பகல் நீளம், நோன்பும் நீளம். இந்த வேறுபாட்டையே இயற்கை தந்த சோதனைக்கூடமாக வைத்துக்கொண்டு, காம்பான்டே, யனகிசாவா-டிராட் என்ற பொருளியலாளர்கள் 2015-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். நோன்பு நேரம் நீளும்போது முஸ்லிம் நாடுகளில் பொருளாதார வளர்ச்சி சற்றுக் குறைகிறது, ஆனால் மக்கள் தங்கள் வாழ்வில் கூடுதல் நிறைவு இருப்பதாகச் சொல்கிறார்கள் என்பது முடிவு. லாரன்ஸ் யானகோனி 1994-இல் தந்த விளக்கம் இதற்குப் பொருந்தி வரும்: கடினமான கட்டுப்பாடு, ஓசியில் பலன் பெற வருகிறவரை வடிகட்டிவிடும். மிஞ்சுகிறவர்களுக்குள் பிணைப்பு இறுகும்.

அறிவாற்றல் அறிவியல், மூளை எப்படித் தெய்வத்தை எளிதாகக் கற்பனை செய்கிறது என்று கேட்கிறது. புதருக்குள் அசைவு கேட்டால் காற்று என்று நினைப்பதைவிட ஏதோ உயிர் என்று நினைப்பது பிழைத்திருக்க உதவியது, அந்தப் பழக்கம்தான் வேர் என்பது அங்கே புகழ்பெற்ற கருத்து. சுவையானது, ஆனால் அதை வைத்து எல்லாவற்றையும் விளக்கத் துடிக்கும் புதியவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம். பெரிய தரவுத்தளங்களிலும் எச்சரிக்கை தேவை. ஒழுக்கத்தைக் கண்காணிக்கும் தெய்வங்கள் பெரிய சமூகங்களுக்குப் பிறகே தோன்றின என்று 2019-இல் நேச்சர் இதழில் வந்த ஒரு கட்டுரை 2021-இல் திரும்பப் பெறப்பட்டது. சான்று கிடைக்காத இடங்களை 'தெய்வம் இல்லை' என்று கணக்கில் எடுத்துக்கொண்டார்கள் என்பது விமர்சகர்களின் முக்கியமான குற்றச்சாட்டு. எழுத்தே இல்லாத காலத்தில் சான்று எங்கிருந்து கிடைக்கும்?

சட்டத்தையும் அரசையும் ஒரு பத்தியில் முடிக்கிறேன், இருந்தாலும் இதுதான் ஆளைக் காயப்படுத்தும் பகுதி. அமெரிக்காவின் போகா ரேட்டன் நகரில் இடுகாட்டுக் கல்லறைகள் மேல் உறவினர்கள் சிலைகளும் சிலுவைகளும் வைத்தார்கள். நகராட்சி தட்டையான கல் மட்டும் போதும் என்றது. 1999-இல் நீதிமன்றத்தில் சமயவியல் அறிஞர்கள் இரு தரப்பிலும் சாட்சி சொன்னார்கள்: இது மதம் கட்டாயமாக்கியதா, தனிப்பட்ட விருப்பமா? குடும்பங்கள் தோற்றன. மதத்துக்கு நீங்கள் தரும் வரையறை ஒரு தாயின் கையிலிருந்து சிலையைப் பிடுங்கக்கூடும். இன்னொன்று 1993, டெக்சஸ் மாநிலத்தின் வேக்கோ. ஆயுதங்களோடு முடங்கியிருந்த ஒரு சிறு சமயக் குழுவை 51 நாள் முற்றுகையிட்டார்கள். குழுவின் தலைவர் ஓயாமல் பேசிய, பைபிளின் கடைசி நூலான திருவெளிப்பாட்டில் வரும் ஏழு முத்திரைகளை அதிகாரிகள் வெற்றுப் பேச்சாகவே எடுத்துக்கொண்டார்கள். சமயவியலாளர் இருவர் அந்தப் பேச்சின் உள்ளே போய் அவரோடு உரையாட முயன்றார்கள், முத்திரைகளுக்கு உரை எழுதி முடித்ததும் வெளியே வருகிறேன் என்று அவரும் சொன்னார். ஏப்ரல் 19 அன்று கட்டடத்துக்குள் கண்ணீர்ப்புகை செலுத்தப்பட்டது. பிறகு மூண்ட தீயோடு முடிந்த அந்த நாளில் எழுபதுக்கும் மேற்பட்டோர், குழந்தைகள் உட்பட, இறந்தார்கள். காத்திருந்தால் வந்திருப்பாரா என்பதில் இன்றும் கருத்து ஒன்றுபடவில்லை.

ஐந்தாம் படி: இரண்டு துறைகள் மோதும் இடத்தில் போய் நில்லுங்கள்

ஒரு துறையைக் கடன் வாங்கினால் மட்டும் போதாது. அந்தத் துறை எதைக் காணத் தவறுகிறது என்பதை அடுத்த துறை சொல்லும்.

சியன்னாவின் கேத்தரின் 14-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். உணவைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் ஏறக்குறைய எதுவும் உண்ணாமல், 1380-இல் 33 வயதில் இறந்தார். பிறகு புனிதராக அறிவிக்கப்பட்டார். ரூடால்ஃப் பெல் என்ற வரலாற்றாசிரியர் 1985-இல், இத்தாலியப் பெண் புனிதர்கள் பலரின் வாழ்வில் இந்தப் போக்கு இருப்பதைக் காட்டி, இதை இன்று மருத்துவர்கள் சொல்லும் பசியின்மை நோயோடு ஒப்பிட்டார். தன் உடல் மேலாவது தனக்கு அதிகாரம் வேண்டும் என்று ஆணாதிக்கச் சமூகத்தில் ஒரு பெண் நடத்திய போராட்டம் என்றார். இரண்டே ஆண்டுகளில் இன்னொரு வரலாற்றாசிரியர் கரோலின் வாக்கர் பைனம் இதற்கு வேறு கோணம் தந்தார். நோய் என்ற பெயரைச் சூட்டியதும் அந்தப் பெண்கள் உணவுக்குக் கொடுத்த பொருள் காணாமல் போய்விடுகிறது என்பது அவர் வாதம். அவர்களுடைய கத்தோலிக்கச் சமயத்தின் மையச் சடங்கே இறைவனின் உடலை உணவாகப் பெறுவது. சமைப்பதும் பரிமாறுவதும் பெண்கள் கையில் இருந்தது. சொத்தைத் துறக்க ஆணுக்குச் சொத்து இருந்தது. பெண் துறக்கக்கூடிய பொருளாக அவள் கையில் இருந்தது உணவுதான். அதனால் அவர்கள் உண்ணாமல் இருந்ததைப் பிறருக்கு உணவளித்ததோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

யார் சரி? நான் பைனம் பக்கம் சாய்கிறேன். ஆனால் பெல் அந்தக் கேள்வியைப் போட்டிருக்காவிட்டால் பைனமின் விடை இவ்வளவு கூர்மை பெற்றிருக்குமா என்பது சந்தேகம். உங்கள் தலைப்பிலும் இப்படி ஒரு மோதல் இருக்கும். தேடிப் பிடியுங்கள். அதுதான் உங்கள் கட்டுரையின் முதுகெலும்பு.

ஆறாம் படி: வாசிப்பு வரிசை

வேதநூலை முதல் பக்கத்திலிருந்து தொடங்கிக் கடைசிவரை படித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பாதீர்கள். பாதியில் நிற்கும். முதலில் அண்மையில் வந்த ஓர் அறிமுக நூல். அடுத்து உங்கள் கேள்விக்கு நெருக்கமான ஒரே ஓர் ஆய்வுக் கட்டுரை. அதன் அடிக்குறிப்புகளில் மூன்று முறைக்கு மேல் தென்படும் பெயர்களைக் குறித்துக்கொண்டு அவர்களிடம் போங்கள். 1954 முதல் வரும் நியூமென் போன்ற ஆய்விதழ்களில் பத்தாண்டுப் பொருளடக்கத்தை மட்டும் புரட்டிப் பார்ப்பதே ஒரு பாடம். எந்தச் சொற்கள் மறைகின்றன, எவை புதிதாக வருகின்றன என்று தெரியும். மூல நூல்களின் மொழிபெயர்ப்பு இலவசமாகக் கிடைக்கிறதே என்று 1879-இல் தொடங்கி 1910-இல் முடிந்த மாக்ஸ் முல்லரின் ஐம்பது தொகுதி வரிசையையே நம்பியிருக்க வேண்டாம். மதிப்பு மிக்க உழைப்புதான், ஆனால் மொழிபெயர்ப்பாளர்களின் காலத்து நாகரிகம் அதில் ஊறியிருக்கிறது.

மூல மொழி ஒன்றைக் கற்றே ஆக வேண்டுமா? வரலாறோ நூலாய்வோ என்றால் ஆம், தப்பிக்க வழியில்லை, இரண்டு ஆண்டாவது ஒதுக்குங்கள். களப்பணி என்றால் அங்குள்ளவர்கள் பேசும் மொழி. புள்ளிவிவர ஆய்வு என்றால் அந்த நேரத்தைப் புள்ளியியலுக்குக் கொடுங்கள்.

ஏழாம் படி: ஒரு நாள் போய்ப் பாருங்கள்

ஆஸ்திரேலியப் பழங்குடிகளை வைத்துத் தம் கோட்பாட்டைக் கட்டிய துர்க்கைம் ஆஸ்திரேலியாவுக்குப் போனதில்லை. மாக்ஸ் முல்லர் இந்தியாவில் கால் வைத்ததில்லை. அந்தக் காலம் போய்விட்டது.

நோன்பு முடிக்கும் ஒரு கூட்டத்துக்கு அனுமதி கேட்டுப் போங்கள். யார், எதற்காக வந்திருக்கிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பக்தர் மாதிரி நடித்து உள்ளே நுழைவது நெறிமுறைக்கும் ஆகாது, ஆய்வுக்கும் ஆகாது. பல்கலைக்கழகத்தில் இருந்தால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும். "ஏன் நோன்பிருக்கிறீர்கள்?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எல்லோரிடமும் ஒரு பாடநூல் விடை தயாராக இருக்கும். "போன தடவை நோன்பிருந்த அன்று காலையிலிருந்து என்ன நடந்தது?" என்று கேளுங்கள். மாமியாருக்குப் பயந்து இருந்ததும், மதியம் ஒரு வாய் தண்ணீர் குடித்ததும், அதை யாரிடமும் சொல்லாததும் அப்போதுதான் வரும். இதை வாழும் சமயம் என்று இன்று தனிப்பிரிவாகவே ஆராய்கிறார்கள்.

குறிப்பை அன்று இரவே விரித்து எழுதிவிடுங்கள். மறுநாள் காலையில் பாதி போய்விடும், மீதியை உங்கள் மனம் அழகுபடுத்திவிடும். பெயர்களை மாற்றுங்கள். நம்பிச் சொன்னதை எழுதலாமா என்று இன்னொரு முறை கேளுங்கள்.

எட்டாம் படி: முதல் கட்டுரை

ஆயிரத்து ஐந்நூறு சொல் போதும். ஒரு செயல், ஓர் இடம், ஒரு காலம், மோதிக்கொள்ளும் இரண்டு துறைகள். "முஸ்லிம்கள் நம்புகிறார்கள்", "இந்துக்கள் செய்கிறார்கள்" என்று தொடங்கும் ஒவ்வொரு வாக்கியத்தையும் அடித்துவிட்டு, எந்த ஊரில், எந்த ஆண்டில், யார் என்று மாற்றி எழுதுங்கள். 'மூடநம்பிக்கை', 'வெறும் சடங்கு', 'மூளைச்சலவை' போன்ற சொற்கள் வந்தால் அவை விளக்கமா, வசையா என்று பாருங்கள். இரண்டு மரபுகளை ஒப்பிட்டால் எந்த ஒரு கூறில் ஒப்பிடுகிறீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். "இரண்டிலும் நோன்பு உண்டு" என்பது ஒப்பீடு ஆகாது. "இரண்டிலும் நோன்பிலிருந்து விலக்கு அளிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது" என்பது ஒப்பீடு.

எழுதி முடித்ததும் இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் அந்தத் துறையில் வல்லவர். மற்றவர் உண்மையிலேயே நோன்பிருப்பவர். ஒரு சமயத்தைப் பற்றிய கூற்றை அந்தச் சமயத்தார் ஒப்புக்கொண்டால்தான் செல்லும் என்று காண்ட்வெல் ஸ்மித் சொன்னதை நான் முழுக்க ஏற்கவில்லை. அப்படிப் பார்த்தால் ஷோபனின் கல்வெட்டுக்கே இடம் இருக்காது. ஆனால் நோன்பிருப்பவர் "இது நான் இல்லையே" என்று சொல்லும் பத்தியின் ஓரத்தில், அவர் சொன்ன காரணத்தை அவர் சொற்களிலேயே பென்சிலால் எழுதி வையுங்கள். அடுத்த கட்டுரையை அங்கிருந்து தொடங்கலாம்.